மனநோய் உள்ளோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள்: குடும்பத்தினரும் சமூகமும் துணை நிற்கும் வழிகள்

மனச்சிதைவு, இருமுனை மனநிலைக் கோளாறு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெற்றவாறே குடும்பத்தினருடன் வாழ்கின்றனர். எனினும், சிலருக்கு வீட்டில் தொடர்ந்து வாழ்வது இயலாமற்போகிறது. பராமரித்து வந்த பெற்றோர் முதுமையடைவது அல்லது மறைவது, நாள் முழுவதும் பிறர் உதவி தேவைப்படுவது, வீடற்ற நிலையில் மீட்கப்படுவது ஆகியன இதற்கான பொதுவான காரணங்கள். இத்தகையோர் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தங்கி உதவி பெறும் இடமே நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்.

ஒருவரை இல்லத்தில் சேர்த்தவுடன் குடும்பத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்று கருதுவோர் உண்டு. உண்மையில், அந்த நாளில் பொறுப்பின் வடிவம் மட்டுமே மாறுகிறது. வெளியிலிருந்து ஆட்கள் தொடர்ந்து வந்து செல்லும் இல்லத்தில் பராமரிப்பின் தரம் நிலைத்திருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத இல்லத்தில் நல்ல பணியாளர்களும் நாளடைவில் சோர்ந்துபோவர். ஓர் இல்லத்திற்குக் குடும்பத்தினரும் ஊராரும் எவ்வாறு துணை நிற்கலாம், எவற்றைக் கவனிக்க வேண்டும், குறை கண்டால் எங்கே முறையிடலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

இல்லங்களின் வகைகள்

• இடைநிலை இல்லம்: மருத்துவமனைச் சிகிச்சை முடிந்தவர், வீடு திரும்புவதற்கு முன் சில காலம் தங்கி அன்றாட வாழ்க்கைத் திறன்களை மீண்டும் பயிலும் இடம்.

• குழு இல்லம் அல்லது ஆதரவுடன் கூடிய குடியிருப்பு: சிலர் ஒரே வீட்டில், பணியாளர் துணையுடன் குடும்பம்போல் வாழும் ஏற்பாடு. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட 'தி பானியன்' அமைப்பு, இவ்வாறு நான்கைந்து பேர் ஊருக்குள் சாதாரண வீடுகளில் சேர்ந்து வாழும் திட்டத்தை நடத்தி வருகிறது.

• நீண்டகாலத் தங்கும் இல்லம்: வீடு திரும்ப இயலாதவர்களுக்குத் தங்குமிடம், உணவு, மருந்து, தொழிற்பயிற்சி ஆகியவற்றை அளிக்கும் இடம். அரசு உதவியுடனும், தொண்டு நிறுவனங்களாலும், கட்டண அடிப்படையில் தனியாராலும் இவை நடத்தப்படுகின்றன.

• மீட்பு மற்றும் மறுவாழ்வு மையம்: சாலைகளில் ஆதரவின்றித் திரியும் மனநோயுற்றோரை மீட்டுச் சிகிச்சையளித்து, இயன்றவரை குடும்பத்துடன் இணைக்கும் மையம்.

மேற்பார்வை ஏன் இன்றியமையாதது?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. அங்குத் தங்கியிருந்தோரில் 25க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பியோட இயலவில்லை. உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அங்குத் தங்கியிருந்தோரை அழைத்து வந்தவர்களில் குணமடைவார் என்ற நம்பிக்கையோடு வந்த உறவினர்களும் இருந்தனர். நல்லெண்ணத்துடன் ஓரிடத்தில் சேர்ப்பது மட்டும் ஒருவரைக் காத்துவிடாது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

சட்டம் உறுதி செய்யும் உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018ஆம் ஆண்டில். மனநோய் உள்ளோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் இச்சட்டத்தின்கீழ் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். உறவினருடனோ நண்பருடனோ வாழும் வீடு இதில் அடங்காது. பதிவு பெற்ற நிறுவனங்களை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். அத்தணிக்கையில் உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வழிவகை உள்ளது. இல்லத்தில் வசிப்பவரின் முதன்மையான உரிமைகள் பின்வருமாறு:

• சங்கிலியால் பிணைப்பது எவ்வகையிலும் தடை செய்யப்பட்டுள்ளது.

• உடலசைவைக் கட்டுப்படுத்துதல், அவருக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு நேர்வதைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான குறுகிய நேரத்திற்கு மட்டுமே செய்யப்படலாம். அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ இதைச் செய்யக் கூடாது.

• தூய்மையான சூழல், சத்தான உணவு, தனிமைக்கு மதிப்பு, விரும்பினால் சொந்த உடை அணிதல், பெண்களுக்கு மாதவிடாய்க் காலத் தேவைகள் ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். கட்டாயமாகத் தலைமுடியை மழிக்கக் கூடாது.

• வேலை செய்யுமாறு வற்புறுத்தக் கூடாது. விரும்பிச் செய்யும் வேலைக்கு உரிய ஊதியம் வழங்க வேண்டும்.

• பார்வையாளர்களைச் சந்திக்கவும், தொலைபேசியில் பேசவும் உரிமை உண்டு. விருப்பமில்லாதவரைச் சந்திக்க மறுக்கவும் உரிமை உண்டு.

• குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநலப் பராமரிப்பு நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. ஊருக்குள் வாழும் வாய்ப்பை ஏற்படுத்தித் தருவது அரசின் கடமையாகும்.

தம் விருப்பத்தின் பேரில் சேராமல், நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர் முதலில் 30 நாள்கள் வரை மட்டுமே வைக்கப்படலாம். அதற்கு மேல் நீடிக்க இரு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் மனநல மறுசீராய்வு வாரியத்தின் ஒப்புதலும் தேவை. அந்த ஒப்புதலும் முதலில் 90 நாள்களுக்கும், பின்னர் 120 நாள்களுக்கும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாள்களுக்கும் உட்பட்டதே. "சேர்த்தாயிற்று, இனி அங்கேயே இருக்கட்டும்" என்று காலவரையின்றி விட்டுவிடச் சட்டத்தில் இடமில்லை.

சேர்க்கும்போது இல்லத்திற்கு அளிக்க வேண்டியவை

பணியாளர்களுக்குக் குடும்பத்தினர் அளிக்கக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, சரியான தகவல். கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பில் தொகுத்து அளிக்கவும். நகல்களைத் தங்களிடமும் வைத்துக்கொள்ளவும்.

1. நோய் விவரம், முந்தைய சிகிச்சைச் சுருக்கங்கள், தற்போதைய மருந்துகளின் பெயர், அளவு, நேரம்.

2. ஒவ்வாத மருந்துகள், கடந்த காலத்தில் கடுமையான பக்கவிளைவு தந்த மருந்துகள்.

3. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு முதலிய உடல் நோய்கள்.

4. ஆதார் அட்டை, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, வங்கிக் கணக்கு விவரம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் ஊனங்களுள் ஒன்றாக அங்கீகரிக்கிறது. எனவே, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனம் எனச் சான்று பெற்றவர் அரசின் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

5. நோய் மீண்டும் தீவிரமாவதற்கு முன் தோன்றும் அறிகுறிகள். சிலருக்கு உறக்கம் குறையும். சிலர் உணவில் ஐயம் கொள்வர். சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வர். இதைக் குடும்பத்தினரே முதலில் அறிவர்.

6. ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு: எப்பெயரிட்டு அழைத்தால் விரும்புவார், முன்பு என்ன தொழில் செய்தார், எவ்வுணவு பிடிக்கும், எதற்கு அஞ்சுவார், எது அவரை அமைதிப்படுத்தும் என்பன. புதிய பணியாளர் ஒருவர் அவரை ஒரு நோயாளியாக மட்டும் பாராமல், ஒரு தையற்காரராகவோ ஆசிரியையாகவோ அறிந்துகொள்ள இக்குறிப்பு உதவும்.

7. முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதப்பட்டிருப்பின் அதன் நகல். தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தம் நியமனப் பிரதிநிதி என்பதை வயதுவந்த எவரும் எழுதி வைக்கலாம்.

சந்திக்கச் செல்லும்போது

மாதம் ஒருமுறையேனும் நேரில் செல்வது நல்லது. தொலைவில் வசிப்போர், குறிப்பிட்ட நாளில் தவறாமல் தொலைபேசியில் பேசலாம். அருகில் உள்ள உறவினர் அல்லது நண்பர் ஒருவரை அவ்வப்போது சென்று வரச் சொல்லலாம். வருவதாகச் சொன்ன நாளில் வர இயலாவிடில் முன்னரே தெரிவிக்கவும். காத்திருந்து ஏமாறுவது, நோயிலிருந்து மீண்டு வருபவருக்கு மிகுந்த மனவேதனை தரும்.

முதலில் அவருடன் தனியாகச் சற்று நேரம் பேசவும். பிறகு பின்வருவனவற்றைக் கவனிக்கவும்:

• உடல் எடை, உடை, நகம், பல், தோல் ஆகியவற்றின் நிலை. சொறி, புண், காயத் தழும்புகள் உள்ளனவா?

• கழிப்பறை, சமையலறை, குடிநீர் ஆகியவற்றின் தூய்மை.

• இரவில் எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கின்றனர்? தீ விபத்து நேரிட்டால் வெளியேறும் வழி எது? கதவுகள் பூட்டப்படுமாயின், திறவுகோல் எங்கே இருக்கும்?

• மனநல மருத்துவர் கடைசியாக எப்போது வந்தார்? அவர் எழுதிய குறிப்பைக் காண இயலுமா?

• பகல் பொழுது எவ்வாறு கழிகிறது? நாள் முழுவதும் படுக்கையிலேயே இருப்பின், அது மருந்தின் அளவாலா, நோயாலா, செய்வதற்கு ஒன்றும் இல்லாததாலா எனக் கேட்கவும்.

இக்கேள்விகளைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்க வேண்டியதில்லை. நன்கு இயங்கும் இல்லங்கள் இவற்றை வரவேற்கும்.

உடல்நலம் மறக்கப்படாதிருக்க

தீவிர மனநோய் உள்ளோர் பொதுமக்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இதயநோய், நீரிழிவு, தொற்றுநோய் முதலிய தடுக்கக்கூடிய உடல் நோய்களால் நேர்பவை. "வலிக்கிறது" என்று அவர் சொல்வதை மனநோயின் வெளிப்பாடு என ஒதுக்கிவிடுவதும் இதற்கு ஒரு காரணமாகும். எனவே, பின்வருவனவற்றை இல்லத்துடன் சேர்ந்து உறுதி செய்யவும்:

• எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் குறித்த காலத்தில் செய்யப்பட வேண்டும். மனச்சிதைவுக்கான சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை.

• குளோசபின் உட்கொள்வோருக்கு இரத்த வெள்ளணுப் பரிசோதனை கட்டாயம். தொடக்க மாதங்களில் வாரந்தோறும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் இதைச் செய்ய வேண்டும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. இம்மருந்தால் அது உயிருக்கு ஆபத்தாகக்கூடும்.

• குளோசபின் உட்கொள்பவர் புகைப்பிடிப்பதைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரும். புகைக்கு இடமில்லாத இல்லத்தில் சேரும்போது இதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்கவும்.

• லித்தியம் உட்கொள்வோருக்கு மருந்தின் இரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, சிலவகை வலிநிவாரணிகள் ஆகியவை மருந்தின் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தலாம். கடும் கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

• கத்திரி வெயில் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. மனநோய்க்கான மருந்துகள் சில, உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. போதிய குடிநீர், காற்றோட்டம், நிழல் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்கவும்.

• கண், பல், காது பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் விடுபடாதிருக்க வேண்டும்.

பணியாளர்களுக்குத் துணை நிற்றல்

இல்லத்தின் தரம் பெரும்பாலும் அதன் பணியாளர்களைச் சார்ந்தது. அவர்களில் பலர் நீண்ட நேரம் குறைந்த ஊதியத்தில் உழைக்கின்றனர். ஒருவர் விலகும்போது, இல்லவாசிகள் பழகிய முகம் ஒன்றை இழக்கின்றனர். நல்ல மாற்றம் தென்பட்டால், அதற்குக் காரணமானவரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும். நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் தெரிவிக்கவும். குறை இருப்பின், அதைப் பிறர் முன்னிலையில் பேசாமல் பொறுப்பாளரிடம் நேரடியாகக் கூறவும். கட்டணம் செலுத்தும் இல்லமாயின், தவறாமல் குறித்த நாளில் செலுத்திப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளவும். குடும்பத்தினர் ஒன்றுகூடிப் பேசும் கூட்டத்தை மூன்று மாதத்திற்கு ஒருமுறை நடத்துமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

நன்கொடையாளர்களும் தன்னார்வலர்களும் கவனிக்க வேண்டியவை

பிறந்த நாள், நினைவு நாள் ஆகியவற்றில் உணவளிக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. நல்ல வழக்கமே, எனினும் சில செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

• முதலில் தேவையைக் கேட்டறியவும். ஒரே நாளில் மூன்று பேர் இனிப்பு வழங்குவதைவிட, மாதாந்திர ஆய்வகப் பரிசோதனைச் செலவையோ, ஒரு பணியாளரின் ஊதியத்தில் ஒரு பகுதியையோ ஏற்பது பெரும்பயன் தரும். உள்ளாடைகள், கொசுவலைகள், மூக்குக் கண்ணாடிகள், மாதவிடாய் அணையாடைகள் ஆகியவை பெரும்பாலும் விடுபட்டுப்போகும் தேவைகள்.

• நீரிழிவு உள்ளோர் பலர் இருக்கக்கூடும் என்பதால், உணவு வகையை இல்லத்துடன் கலந்து முடிவு செய்யவும்.

• வீட்டில் மீந்த மருந்துகளை வழங்க வேண்டாம்.

• இல்லவாசிகளைப் புகைப்படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் வெளியிட வேண்டாம். சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவரது இசைவின்றி ஊடகங்களுக்கு அளிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. உணவைப் பெறும் கையோடு அவரது முகமும் ஊரெங்கும் பரவினால், பின்னாளில் அவர் வேலை தேடுவதும் உறவுகளுடன் இணைவதும் கடினமாகலாம்.

• பொருளைவிடத் திறனைப் பகிர்வது நீடித்த பயன் தரும். தையல், தோட்டக்கலை, இசை, கணக்கு, தமிழ் எழுதப்படிக்கக் கற்பித்தல் ஆகியவற்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஒப்புக்கொண்ட நாளில் தவறாமல் செல்வதே முக்கியம்.

ஊர்மக்களும் துணை நிற்கலாம். அருகிலுள்ள தேநீர்க் கடை, முடிதிருத்தகம், நூலகம், வழிபாட்டிடம் ஆகியவை இல்லவாசிகளை இயல்பாக வரவேற்கும்போது, அவர்கள் மீண்டும் அவ்வூரின் குடிமக்களாகின்றனர்.

இல்லத்தில் வசிப்பவருக்கு

இப்பக்கத்தை வாசிப்பவர் இல்லத்தில் வசிப்பவராக இருப்பின், தங்கள் கருத்துக்கும் இடம் உண்டு. தங்கள் மருந்துகளின் பெயரையும் அவை எதற்காக என்பதையும் கேட்டறியலாம். தங்கள் மருத்துவப் பதிவுகளைக் காணக் கோரலாம். உணவுப் பட்டியல், பொழுதுபோக்கு, அறைப் பங்கீடு ஆகியவற்றைப் பற்றி இல்லவாசிகள் கூடிப் பேசும் குழு அமைக்குமாறு கேட்கலாம். மனநல மறுசீராய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லத்தில் அனைவரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும்.

"எங்களுக்குப் பின் யார்?"

முதிய பெற்றோரின் மிகப் பெரிய கவலை இதுவே. தள்ளிப்போடாமல், தாங்கள் நலமாக இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்யலாம்.

• உடன்பிறந்தோர் அல்லது நெருங்கிய உறவினர் ஒருவரை இப்போதிருந்தே உடன் அழைத்துச் சென்று, இல்லப் பணியாளர்களுக்கும் மருத்துவருக்கும் அறிமுகப்படுத்தவும்.

• அடுத்த நியமனப் பிரதிநிதி யார் என்பதைச் சம்பந்தப்பட்டவருடன் கலந்து பேசவும். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லத்தில் வசிப்பவருக்கே உரியது.

• உயில், அறக்கட்டளை முதலியன குறித்து வழக்கறிஞரின் ஆலோசனை பெறவும். மனநோய் இருப்பதால் மட்டும் ஒருவர் சொத்துரிமையை இழப்பதில்லை.

• முக்கிய ஆவணங்கள் உள்ள இடத்தை நம்பகமான இருவருக்கேனும் தெரிவித்து வைக்கவும்.

வீடு திரும்பும் வாய்ப்பு

பல ஆண்டுகள் இல்லத்தில் இருந்தவருக்கும் வெளியே வாழும் திறன் திரும்பலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும், "இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த இடத்தில் இவர் வாழ இயலுமா?" என்று சிகிச்சைக் குழுவிடம் கேட்கவும். பண்டிகை நாள்களில் ஓரிரு நாள் வீட்டிற்கு அழைத்துச் செல்வதிலிருந்து தொடங்கலாம். அவ்வாறு அழைத்துச் செல்லும்போது போதிய மருந்துகளையும் அவசரத் தொடர்பு எண்ணையும் கேட்டுப் பெறவும். வீட்டில் இடமில்லை எனில், இடைநிலை இல்லம், குழு இல்லம் ஆகியவற்றைப் பற்றி மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் விசாரிக்கவும்.

உடனடியாகக் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை அறிகுறிகள்

• சங்கிலி, கயிறு முதலியவற்றால் பிணைத்தல் அல்லது அடித்தல்

• காரணமின்றிச் சந்திப்பையோ தொலைபேசியையோ தொடர்ந்து மறுத்தல்

• விளக்கமில்லாத காயங்கள், படுக்கைப் புண்கள், திடீர் எடைக்குறைவு

• மருத்துவரின் சீட்டு இன்றி மருந்து கொடுத்தல்

• பதிவுச் சான்றைக் காட்ட மறுத்தல்

• இல்லவாசியின் உதவித்தொகையை அவரது இசைவின்றி எடுத்துக்கொள்ளுதல்

முறையிடும் வழிகள்

சேவைக் குறைபாடு இருப்பின் முதலில் நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் முறையிடலாம். பதில் நிறைவளிக்காவிடில் மனநல மறுசீராய்வு வாரியத்திடமும், அதன்பின் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். நாள், நேரம், கண்டது ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்வது உதவும். இல்லவாசிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

• உயிருக்கு ஆபத்து, வன்முறை: 112

• ஆம்புலன்ஸ்: 108

• டெலி மானஸ் மனநல ஆலோசனை, 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும்: 14416

• சட்ட உதவி: 15100

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. மருந்தை நிறுத்துவது, மாற்றுவது, அளவைக் குறைப்பது ஆகியவற்றை மனநல மருத்துவரின் ஆலோசனையின்றிச் செய்ய வேண்டாம்.